ஷிஷானியை உருவாக்கியது யார்? ஒரு பழைய பீரங்கிப் படைக்காரனின் பதில்

உங்கள் தம்பி அனுப்பிய காணொளியில் மூன்று விஷயம் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரியாவிலும் ஈராக்கிலும் போரிட்ட ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) இயக்கத்தின் போர்த்தளபதி அபு உமர் அல்-ஷிஷானி அமெரிக்கா பயிற்சி கொடுத்து வளர்த்த சிப்பாய் என்பது ஒன்று. காசநோய் வந்ததும் சொந்த நாட்டு ராணுவமே அவரைத் தூக்கி எறிந்தது என்பது இரண்டாவது. அந்த ஆத்திரத்தில்தான் ஆயுதம் எடுத்தார் என்பது மூன்றாவது. இதில் எது நிஜம், எது கதை என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. சீருடை போட்டிருந்த ஒருவர் இப்படி ஆனால், அதில் அந்தச் சீருடைக்குப் பங்கு உண்டா? தம்பியோடு நீங்கள் வாதாடிக்கொண்டிருப்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பெரும்பகுதி ஓ.பி. பார்ட்டியில் கழிந்தது. முன்னால் போய் உட்கார்ந்து குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்தம் சொல்கிற வேலை. ஷிஷானி தன் நாடான ஜார்ஜியாவின் ராணுவத்தில் பார்த்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். முதன்முதலில் அதைப் படித்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பற்றியும் காகசஸ் மலைப்பகுதி பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். எனக்கு ரஷ்ய மொழியோ ஜார்ஜிய மொழியோ தெரியாது, மொழிபெயர்ப்பில் வந்ததை நம்பித்தான் பேசுகிறேன். ராணுவ வேலை பற்றிச் சொல்வது என் அனுபவம். மற்றதெல்லாம் படிப்பு.

அவர் சொந்தப் பெயர் தர்கான் பாதிராஷ்விலி. 1986-ல், ரஷ்யாவுக்குத் தெற்கே காகசஸ் மலைப்பகுதியில் இருக்கிற ஜார்ஜியா நாட்டின் வடகிழக்கில், பன்கிசி பள்ளத்தாக்கில் பிர்கியானி என்ற கிராமத்தில் பிறந்தார். 'அல்-ஷிஷானி' என்றால் அரபியில் 'செச்சென்காரர்' என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் அவர் மலைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவுக்குள் இருக்கிற செச்சென்யாவில் பிறந்தவர் இல்லை. அப்பா ஜார்ஜியர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அம்மா கிஸ்ட் இனம், முஸ்லிம். கிஸ்ட்டுகள் பல தலைமுறைக்கு முன் மலையைத் தாண்டி வந்து அலசானி ஆற்றங்கரையில் குடியேறிய செச்சென் வம்சத்தவர். வீட்டில் செச்சென் பேச்சு, வெளியே ஜார்ஜிய மொழி, குடும்பப் பெயர் பெரும்பாலும் ஜார்ஜிய மரபில் 'ஷ்விலி' என்று முடியும். துயிசி கிராமத்துப் பழைய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் வட்டமாக நின்று திக்ரு செய்வார்கள், கைதட்டிப் பாடி இறைவன் பெயரைச் சொல்வார்கள். அது அந்த ஊரின் சூஃபி வழக்கம். அதே ஊரில் பிற்பாடு எழுந்த புதிய பள்ளிவாசலுக்குப் போகிற இளைஞர்கள் அதை மார்க்கத்துக்கு விரோதம் என்றார்கள். தர்கான் வளர்ந்த காலத்தில் பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் நடுவே விழுந்த பிளவு இது.

ரஷ்யாவுக்கும் செச்சென் பிரிவினைவாதிகளுக்கும் இடையே இரண்டாம் செச்சென் போர் 1999-ல் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான அகதிகள் மலையைத் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தார்கள். அவர்களோடு ருஸ்லான் கெலாயெவ் போன்ற செச்சென் தளபதிகளும் ஆயுதத்தோடு வந்து தங்கினார்கள். தர்கானுக்கு அப்போது 13, 14 வயது. மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ரஷ்ய எல்லைக்குள் போகிற போராளிகளுக்கு அவர் வழிகாட்டியதாகச் சொல்கிறார்கள். அது பேச்சுவழியாக வந்த செய்தி, ஆவணம் இல்லை. ஆனால் துப்பாக்கியும் அகதிகளும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள் என்பதில் ஐயமே வேண்டாம். ராணுவத்தில் சேருவதற்கு முன்பே போர் அவருக்கு அறிமுகமாகிவிட்டது. காணொளி இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கதையின் முதல் பாகத்தையே விட்டுவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிப் படிப்புக்குப் பின் ஜார்ஜிய ராணுவத்தில் சேர்ந்தார். தொடர்ந்து ஒப்பந்த வீரராகி, உளவு பார்க்கும் சிறப்புப் பிரிவுக்குப் போனார். 2008 ஆகஸ்டில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஐந்து நாள் போர் நடந்ததே, அதில் ட்ஸ்கின்வாலி பக்கம் முன்னணியில் இருந்தார். ரஷ்ய டாங்கி அணிகள் வருவதைக் கவனித்து, ஜார்ஜிய பீரங்கிகளுக்கு இடக்குறிப்பு சொல்வதே அவர் பணி என்று அவரோடு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நாம் பேசப்போவது இதன் மேல்தான் நிற்கிறது. ஓ.பி.யில் ஒருவர் கையில் பைனாகுலர், ஒருவர் முழங்காலில் மேப், ஒருவர் காதில் ரேடியோ. எதிரி தெரிந்ததும் மேப்பில் ஆறு இலக்க கிரிட் (இடத்தைக் காட்டும் எண்) எடுத்துச் சொல்ல வேண்டும். பல கிலோமீட்டர் பின்னால் இருக்கிற பீரங்கி ஒரு ரவுண்டு போடும். 'ஷாட்' என்று ரேடியோவில் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவோம். தூரத்தில் மண் புகையாக எழும்பும், சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். இலக்குக்கு முன்னால் விழுந்தால் 'ஆட் 200', பின்னால் விழுந்தால் 'டிராப் 100', பக்கம் விலகினால் 'ரைட் 50'. இரண்டு மூன்று திருத்தத்தில் இலக்கின் மேல் கொண்டுவந்து விட வேண்டும். ரேடியோவில் நாலு வார்த்தை கூடப் பேசினால் எதிரி நம் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். ரேஞ்சில் பயிற்சி எடுக்கும்போதே நெஞ்சு படபடக்கும். நிஜப் போரில், எதிரில் டாங்கி வரிசை வந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்து முடித்தவர் என்றால், அவர் பதறாதவர், கணக்குத் தெரிந்தவர், வாயைக் கட்டத் தெரிந்தவர். தர்கானை நல்ல சிப்பாய் என்று அவருடைய பழைய சகாக்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அதன் பிறகு சார்ஜெண்ட் ஆனார், நம் ஹவில்தார் மாதிரி. எதிர்காலம் நன்றாகவே தெரிந்தது.

இப்போது அமெரிக்கப் பயிற்சி. 2002-ல் அமெரிக்கா ஜார்ஜிய ராணுவத்துக்கு ஒரு பெரிய பயிற்சித் திட்டம் தொடங்கியது. பன்கிசியில் அல்-கொய்தா ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்ற அச்சம்தான் அதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணம். அது 2004-ல் முடிந்தது. தர்கான் சேர்ந்தது அதற்குப் பின்னால், ஆக அந்தத் திட்டத்தில் அவர் இருந்திருக்க முடியாது. ஆனால் தொடர்ச்சியாக வேறு பயிற்சிகள் நடந்தன. ஈராக்குக்குப் போவதற்காக ஜார்ஜியப் படைகளை அமெரிக்கர்கள் தயார் செய்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய பிரிவும் அமெரிக்கப் பயிற்சி பெற்றது, அதில் அவர் முதல் தரமாக நின்றார் என்று அவரோடு பணியாற்றியவர்கள் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். நடந்திருக்கக்கூடியதுதான். அந்தக் காலத்தில் ஜார்ஜியாவின் சிறப்புப் பிரிவில் இருந்துகொண்டு அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருவரையும் பார்க்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் 'பயிற்சி கொடுத்தார்கள்' என்பதற்கும் 'இதற்காகவே வளர்த்தார்கள்' என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. முதலாவதற்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு ஒருவர்கூட இல்லை. நட்பு நாட்டுப் படைகள் சேர்ந்து பயிற்சி எடுப்பது எங்கும் நடக்கிற காரியம். அப்படிப் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான ஜார்ஜிய வீரர்கள் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சர்வீஸ் முடித்து ஊர் திரும்பி விவசாயம் பார்க்கிறார்கள்.

2010-ல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஆண்டு ஜூனில் உடல் தகுதி இல்லை என்று ராணுவம் அவரை விடுவித்தது. திரும்பச் சேரப் பார்த்தார், முடியவில்லை. போலீஸ் வேலைக்கும் முயன்றார் என்று சொல்கிறார்கள். அம்மாவும் புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். மூன்று மாதம் கழித்து செப்டம்பரில், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்ததாகக் கைது. மூன்று ஆண்டு தண்டனை. 2012 தொடக்கத்தில், காலம் முடியும் முன்பே வெளியே வந்தார். அந்த ஆண்டே நாட்டை விட்டுப் போனார். துருக்கி, அங்கிருந்து சிரியா.

இந்த இடம் எனக்குப் படிக்கக் கஷ்டமான இடம். என் கூட இருந்த ஒரு பையனுக்கும் இதே நோய் வந்தது. பெயர், யூனிட் எதுவும் வேண்டாம். ஒரு நாள் காலை ஓட்டத்தில் பின்தங்கினான், இருமலில் ரத்தம் வந்தது, மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் மாத்திரை. எடை பாதியாகிவிட்டது. நான் பார்க்கப் போனபோது அவன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஹவில்தார் சாப், போர்டு என்ன சொல்லும்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். மெடிக்கல் போர்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஊரில் என்ன முகத்தோடு நிற்பது என்ற பயம். கடைசியில் கேட்டகரி குறைத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். சர்வீஸ் முடித்து பென்ஷனோடு போனான். இருபது வயதிலிருந்து படையே வீடு, படையே பெயர் என்று வாழ்ந்தவனை ஒரு காகிதத்தைக் கொடுத்து வெளியே அனுப்பினால் அவனுக்குள் என்ன உடையும் என்று எனக்குத் தெரியும். தர்கானுக்கு அந்தக் காகிதம் 24 வயதில் வந்தது. ஜார்ஜிய ராணுவத்துக்கு அதில் தீய எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. நோயாளியை உளவுப் பிரிவில் வைத்துக்கொள்ள எந்த ராணுவமும் தயங்கும். ஆனால் வேறு வேலை கொடுத்திருக்கலாமே என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதில்லை.

அதற்காக 'காசநோய்தான் காரணம்' என்ற முடிவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே நம்மிடம் இரண்டு சாட்சி இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கிறது. ஒன்று அவரே சொன்னது. சிறையில்தான் தான் மாறியதாகவும், உயிரோடு வெளியே வந்தால் இறைவனுக்காகப் போரிடுவேன் என்று அங்கே உறுதி எடுத்ததாகவும் 2013-ல் ஜிகாதி தளம் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் சொன்னார். இன்னொன்று அப்பா சொன்னது. மார்க்கத்துக்காகப் போனேன் என்று மகன் சொன்னாலும், வறுமை தாங்காமல்தான் போனான் என்று அந்த முதியவர் பிபிசியிடம் சொன்னார். பிர்கியானியில் அவர்கள் வீடு பழுதடைந்த எளிய வீடு. மகன் சொல்வதில் ஒரு பிரச்சினை உண்டு. படை திரட்டுகிற தளபதி தன் கதையை எப்படிச் சொன்னால் ஆள் வருவார்களோ அப்படித்தான் சொல்வார். அப்பா சொல்வதிலும் பிரச்சினை உண்டு. எந்தத் தகப்பனுக்கும் தன் பிள்ளை கொலைபாதகத்துக்கு மனமொப்பிப் போனான் என்று சொல்ல வாய் வராது. என் கணிப்பைக் கேட்டால், படையிலிருந்து அனுப்பியது அவரைக் காலியாக்கியது, சிறை அந்தக் காலியிடத்தை நிரப்பியது. சிறையில் அவரை யார் பிடித்தார்கள், என்ன பேசினார்கள் என்பதே இதில் முக்கியமான பகுதி. இது கணிப்பு மட்டுமே என்பதைத் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.

சிரியாவில் அவர் ஏறிய வேகம் பலருக்கும் வியப்பு. முதலில் அயல்நாட்டுப் போராளிகளின் ஒரு சிறு அணிக்குத் தலைவர். 2013 மார்ச்சில் அந்த அணி வேறு சில குழுக்களோடு இணைந்து 'ஜைஷ் அல்-முஹாஜிரீன் வல்-அன்சார்' ஆனது. பெரும்பாலோர் காகசஸ், மத்திய ஆசியாவிலிருந்து வந்த ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். அந்த ஆகஸ்டில் அலெப்போவுக்கு வடக்கே மெனாக் விமானத் தளம் விழுந்தது. ஓராண்டாகப் பல குழுக்கள் முற்றுகை போட்டும் விழாத தளம். கடைசித் தாக்குதலில் வெடிமருந்து நிரப்பிய கவச வண்டியைத் தற்கொலைப் படையினர் உள்ளே ஓட்டிச் சென்று வெடித்தார்கள், பின்னாலேயே மற்றவர்கள் நுழைந்தார்கள். இதோடு ஷிஷானியின் பெயர் எங்கும் பரவியது. ஐஎஸ் தலைவர் அபு பக்கர் அல்-பாக்தாதி அவரை வடக்குப் பகுதித் தளபதி ஆக்கினார். 2013 முடிவதற்குள் பாக்தாதிக்கு முறைப்படி விசுவாச உறுதி செய்தார். அவர் படையே அப்போது இரண்டாக உடைந்தது. ரஷ்யாவின் காகசஸ் பகுதியில் இயங்கிய காகசஸ் எமிரேட் என்ற ஆயுத இயக்கத்தின் தலைவர் டோக்கு உமரோவுக்கு ஏற்கெனவே உறுதி கொடுத்திருந்தவர்கள் ஐஎஸ்ஸுக்குப் போக மறுத்துப் பிரிந்தார்கள்.

காணொளிகள் அவரைப் போர்க்கலை மேதை என்பார்கள். இதில்தான் என் தொழில் அறிவு குறுக்கே வருகிறது. சார்ஜெண்ட் என்பவர் முப்பது பேரை நகர்த்தத் தெரிந்தவர். இருட்டில் வரிசை கலையாமல் கூட்டிப்போவார், யார் சோர்ந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார், துப்பாக்கி சுத்தமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். எந்தப் படைக்கும் முதுகெலும்பு இவர்கள்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மூவாயிரம் பேருக்குச் சாப்பாடு, டீசல், குண்டு, காயம்பட்டவர்களைப் பின்னால் எடுத்துப்போவது, அடுத்த வாரம் எங்கே அடிப்பது என்ற திட்டமெல்லாம் வேறு பள்ளிக்கூடம். அது கர்னல்கள் இருபது வருஷம் படிக்கிற பாடம். தர்கான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை. அவரைவிட்டுப் பிரிந்த செச்சென் போராளிகள் சிலரும் இதையே கடுமையாகச் சொன்னார்கள். அவருக்குத் தந்திரம் போதாது, கூட்டம் கூட்டமாக ஆளை முன்னால் தள்ளுகிறார் என்றார்கள். பிரிந்து போனவர்கள் பேச்சில் பகை கலந்திருக்கும், அதைக் கழித்துத்தான் கேட்க வேண்டும். கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது.

பிறகு ஐஎஸ்ஸுக்கு அவர் எதற்குப் பயன்பட்டார்? முகத்துக்கு. செந்நிறத் தாடி, உயரமான உருவம், ரஷ்ய டாங்கிகளுக்கு எதிரே நின்றவர் என்ற பெயர். 2014 ஜூனில் ஈராக்கில் கைப்பற்றிய அமெரிக்க ஹம்வீ வண்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படத்தை உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஐஎஸ்ஸின் பெரிய தலைவர்களில் அநேகம் பேர் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தாகெஸ்தானிலும் செச்சென்யாவிலும் தஜிகிஸ்தானிலும் இருக்கிற இளைஞனுக்கு 'நம்மில் ஒருவர் அங்கே தளபதி' என்று காட்ட அவரைவிட நல்ல ஆள் கிடையாது. ராணுவம் அவருக்குக் கொடுத்த கண்ணும் ரேடியோக் கட்டுப்பாடும் அணி நடத்தும் பழக்கமும் சிறு சண்டைகளில் நிச்சயம் உதவியிருக்கும். ஆனால் ஐஎஸ் வெளியே விற்றது 'முன்னாள் ராணுவ வீரர்' என்ற பட்டத்தை.

அவர் கையால் நடந்ததை மறக்கவும் கூடாது. காணொளிகளில் இந்தப் பகுதி எப்போதும் ஓரமாகப் போய்விடும். அமெரிக்க அரசு 2015 மே மாதம் அவர் தலைக்கு 50 லட்சம் டாலர் அறிவித்தது. அப்போது வெளியிட்ட குறிப்பில், ரக்கா அருகே தப்காவில் ஒரு சிறையை அவர் மேற்பார்வையிட்டார், வெளிநாட்டுப் பணயக் கைதிகள் அங்கே வைக்கப்பட்டிருக்கலாம் என்று இருந்தது. சிறைக் கம்பிக்குள் கிடந்ததால்தான் மாறினேன் என்று சொன்னவர் மூன்று ஆண்டுக்குள் சிறைச் சாவி பிடிக்கிறவராகிவிட்டார். 2014-ல் கிழக்கு சிரியாவின் தெய்ர் எஸ்-ஸோரை ஐஎஸ் பிடித்தபோது, எதிர்த்து நின்ற ஷைத்தாத் குலத்தார் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தார்கள். அந்தக் கொலைகளுக்கு உத்தரவு இவருடையது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அந்த மாகாணத்தைப் பிடித்த போரில் இவர் ஒரு முன்னணித் தளபதி. அநியாயம் நடந்ததாகச் சொல்லி ஆயுதம் எடுத்தவர்மேல் நமக்கு இரக்கம் வரும்போது, அந்த ஊர்ச் சனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

'ராணுவப் பின்னணி' என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் கட்டுவது தவறு என்பதற்கு, அதே பள்ளத்தாக்கிலிருந்து இன்னொருவரைச் சொல்கிறேன். முஸ்லிம் ஷிஷானி என்று அறியப்பட்ட முராத் மர்கோஷ்விலி. சோவியத் ராணுவத்தில் வான் பாதுகாப்புப் பிரிவில் மங்கோலியாவில் பணியாற்றியவர், செச்சென் போர்களில் பல ஆண்டு சண்டை போட்டவர். அனுபவத்தில் தர்கானுக்கு மிக மூத்தவர். அவரும் சிரியா போனார், லத்தாக்கியா மலையில் தனிக் குழு நடத்தினார். இருவர் பெயரையும் அமெரிக்கா 2014 செப்டம்பரில் ஒரே நாளில் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் முஸ்லிம் ஷிஷானி கடைசிவரை ஐஎஸ்ஸில் சேரவில்லை. இன்னொரு பக்கம் ஐஎஸ்ஸில் இருந்த ஹாஜி பக்கர் என்ற ஈராக்கியர், சதாம் காலத்துக் கர்னல். 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்தபோது நடுத்தெருவுக்கு வந்தவர். 2014 ஜனவரியில் சிரியாவில் கொல்லப்பட்ட பிறகு அவர் வீட்டில் கிடைத்த காகிதங்களில் இருந்தது போர் வியூகமில்லை, ஊர் ஊராக யாரை வேவு பார்ப்பது, எந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன பலவீனம் என்ற திட்டம். அது உளவுத்துறை அதிகாரியின் மூளை. எகிப்தின் ஹிஷாம் அஷ்மாவி வேறு வகை. 'சாஇக்கா' கமாண்டோ அதிகாரி, படைக்குள் இருக்கும்போதே தீவிரக் கருத்துப் பேசியதால் வெளியேற்றப்பட்டவர். ஐஎஸ்ஸுக்கு உறுதி கொடுக்காமல் அல்-கொய்தா பக்கம் நின்றார். 2018-ல் லிபியாவின் தெர்னாவில் பிடிபட்டு 2020 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். தர்கானைப் படை அனுப்பிய பிறகு அவர் மாறினார், அஷ்மாவி மாறிய பிறகு படை அவரை அனுப்பியது. ஒரே சீருடைக் கதையை இருவருக்கும் போட முடியாது.

அவர் எப்போது இறந்தார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல முறை 'கொன்றார்கள்'. 2014 நவம்பரில் ஷிஷானி செத்துவிட்டார் என்று செச்சென்யத் தலைவர் ரம்சான் கதிரோவ் அறிவித்தார், அது பொய்த்தது. 2016 மார்ச் 4-ல் சிரியாவின் ஷத்தாதி அருகே அமெரிக்க விமானத் தாக்குதல், சில நாளில் பென்டகன் இறந்துவிட்டார் என்றது. ஜூலை 13-ல் ஐஎஸ்ஸின் அமாக் செய்தி நிறுவனம், ஈராக்கில் மோசூலுக்குத் தெற்கே ஷிர்காத் சண்டையில் இறந்தார் என்று வெளியிட்டது. உடனே பென்டகன், ஜூலை 10-ல் மோசூல் அருகே அவர் இருந்த தலைவர்கள் கூட்டத்தைத் தாக்கியதாகச் சொன்னது. சொந்த இயக்கமே ஒப்புக்கொண்டதால் 2016 ஜூலை என்பதை எடுத்துக்கொள்ளலாம். வயது 30. மார்ச் என்று எழுதியிருக்கிற கட்டுரைகள் பழைய செய்தியைத் திருத்தாமல் விட்டவை.

தம்பியிடம் கடைசியாக இதையும் கேளுங்கள். 2015 ஏப்ரலில், ஷிஷானி உயிரோடு புகழின் உச்சியில் இருந்தபோது, பன்கிசியிலிருந்து பதின்ம வயதுப் பையன்கள் இருவர் வீட்டில் சொல்லாமல் கிளம்பி துருக்கிக்கு விமானம் ஏறி சிரியா போனார்கள். பெற்றவர்கள் அரசாங்கத்திடம் ஓடினார்கள், விமான நிலையத்தில் பிள்ளைகளை ஏன் தடுக்கவில்லை என்று அழுதார்கள். அதே ஆண்டில் ஜார்ஜியா வெளிநாட்டு ஆயுதக் குழுக்களில் சேருவதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பையன்களுக்கு அமெரிக்கர் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, மெடிக்கல் போர்டு திருப்பி அனுப்பவில்லை, சிறையில் இருந்ததும் இல்லை. அவர்கள் ஏன் போனார்கள் என்று அந்தக் காணொளிக்காரரிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், படிக்கிறேன்.